ஊதினால் பழனி

சாம்பிராணி பாய் அப்துல் லத்தீப் பக்கத்து மருந்துக்கடைப் படியிறங்குவதைக் கண்டதும், கிளினிக் நாற்காலியில் டோக்கனோடு காத்திருந்த மாயக்காள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைகடையாக ஏறி, தூபம் காட்டி, மயிலிறகால் தலையைத் தடவி வாழ்த்துகிற மனுஷர். மற்ற நாளென்றால் அவளே தலையை நீட்டியிருப்பாள்.

இன்றைக்கு மட்டும் கூடாது.

உள்ளே டாக்டர் தமிழ்மதியின் மேஜையில் ஒரு குழாய் இருக்கிறது. ஊதினால் முள் ஓடும். முள் பச்சையைத் தொட்டால் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கலாம். மஞ்சளில் நின்றால் பஸ்தான். டாக்டரோடு அப்படித்தான் பேச்சு.

ஆஸ்துமாக்காரி பஸ்ஸில் வந்தால் முருகன் கோபிக்க மாட்டார். அகரத்துச் சம்பந்தியம்மாள் விடுவாளா? போன வருஷம், “சன்னல் சீட்டு கிடைச்சுச்சா மதினி?” என்று ஊரே கேட்கச் சிரித்தவள்.

அதற்காகவே வேளை தவறாமல் மருந்தை இழுத்து, விறகடுப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருந்தாள். ஒரு வாய்ப் புகை போதும், அத்தனையும் பாழ்.

எழுந்து ஓடலாம். ஓடினால் டோக்கன் போய்விடும்.

பாய் கிளினிக் வாசலில் ஏறினார்.

“கிட்ட வந்துராதீங்க பாய்! நான் பழனிக்கு நடக்கணும்!”

“அம்புட்டுத்தானே? நல்லா நடந்து போயிட்டு வா தாயி.” சொல்லிக்கொண்டே நேராக அவளிடம்தான் வந்தார்.

மயிலிறகு உச்சந்தலையில் விழுந்தது. மாயக்காள் கண்ணை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாயை மனசுக்குள் ஓயாமல் திட்டினாள்.

நல்லவேளை, உள்ளேயிருந்து பேரைக் கூப்பிட்டார்கள். விழுந்தடித்து ஓடிக் கதவைச் சாத்தினாள். நெஞ்சு நிறைய இழுத்து, அத்தனை கோபத்தையும் சேர்த்து ஊதினாள்.

முள் பச்சைக்குள் போய் நின்றது.

மருந்தை மடியில் கட்டிக்கொண்டு தாராளமாக நடக்கச் சொல்லிவிட்டார் டாக்டர்.

வெளியே வந்தால், பாய் இன்னும் போகவில்லை. அவள் எழுந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். காலடியில் தூபச்சட்டி.

திட்டிய மனசு கூசியது. எட்ட நின்றாவது கும்பிட்டுக்கொள்வோம் என்று குனிந்தாள்.

கங்கு இல்லை. சாம்பல்கூட இல்லை. கழுவித் துடைத்த சட்டிக்குள் ஒரு புது இன்ஹேலரும், அவளுக்கு அடுத்த டோக்கனும் கிடந்தன.

உள்ளே பாயின் பேரைக் கூப்பிட்டார்கள். லேசாக மூச்சு இளைத்தபடி எழுந்தார்.

மாயக்காள் இரண்டு கைகளையும் அந்தச் சட்டிக்கு மேலே காட்டி, கண்களில் ஒற்றிக்கொண்டாள்.