முறிகண்டியில் நிற்கும் கார்

முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டுகிற எந்த வாகனமும் நின்றுதான் போகும்; பறித்த காரை ஏற்றிப்போகிற லொறியும் நிற்கிறது. லொறியின் முதுகில் கார், காருக்குள் பரமேஸ்வரன். நாலு மாதத் தவணை தவறியதால் கிளிநொச்சியில், வீட்டு வாசலிலேயே, லீசிங்காரர் காரைத் தூக்க வந்தபோது அவர் உள்ளே ஏறிக் கதவுகளைப் பூட்டிக்கொண்டார். அவர்களும் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆளோடு ஏற்றிவிட்டார்கள். வந்த வளைவுகளுக்கெல்லாம் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டுதான் அவரும் வந்திருக்கிறார். இறங்கினால் கார் போய்விடும். இறங்காவிட்டால், பறித்த வாகனங்களை அடைத்துவைக்கிற வவுனியா யாட்டுக்குள் அவரையும் சேர்த்து வைத்துப் பூட்டுவார்கள். நடுப்பகல் வெயிலில் கண்ணாடி கொதிக்கிறது. போட்டிருக்கிற சேட்டு வியர்வையில் முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. கச்சான் கடலை வறுக்கிறவள் சட்டியில் அகப்பையைத் தட்டுகிற சத்தம் எங்கோ தூரத்தில் போலக் கேட்கிறது. தேங்காய் உடைத்துவிட்டு லீசிங்காரன் சஜீவன் லொறியில் ஏறி வந்து, உள்ளங்கைத் திருநீற்றோடு கதவருகே நிற்கிறான்.

"அண்ணை, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கோ. பூசிவிடுறன்."

"இறக்கினால் உள்ளுக்குக் கையை விட்டுக் காரிலை கிடக்கிற திறப்பை உருவி எடுத்துப்போடுவாய்."

"கோயில் வாசலிலை அப்பிடிச் செய்வனே?"

"வீட்டு வாசலிலை செய்தனீதானே."

பரமேஸ்வரன் கண்ணை மூடி, நெற்றியைக் கண்ணாடியோடு வைத்து அழுத்துகிறார். வெளியே, அந்த நெற்றிக்கு நேராக, சஜீவன் மூன்று விரலால் திருநீற்றை இழுத்துவிடுகிறான்.