அவரவர் கருத்துப்படி மின்சாரம்

கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும் மதியத்தில் எங்கள் வீட்டு மின்விசிறி நின்றது. மொட்டை மாடியில் எங்கள் சோலார் தகடுகள் காய்ந்துகொண்டிருக்க, கீழே குழந்தை வேர்க்குரு தாங்காமல் வீறிட்டது. மேல்வீட்டில் தனியாக இருக்கும் ஜெசிந்தாவுக்கு மட்டும் ஏசி ஓடியது.

என் கணவர் நிலவரசன் மின்சாரக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினார். "எங்க கரண்ட்டு எங்கய்யா போகுது?"

"கம்ப்யூட்டர்கள் ஓடும் டேட்டா சென்டருக்கு, ஐயா. நீங்கள் சொன்னபடிதான்," என்றது இயந்திரக் குரல். அவர் தினமும் இணையத்தில் எழுதியவற்றை அது வாசித்துக் காட்டியது. 'கம்ப்யூட்டருக்குப் போக மிச்சம்தான் வீட்டுக்கு.' 'அரை நாள் ஃபேன் இல்லாவிட்டால் யாரும் செத்துவிட மாட்டார்கள்.' இப்போதெல்லாம் அவரவர் கருத்துப்படிதான் அவரவருக்கு மின்சாரமாம். எதுவும் எழுதாத ஜெசிந்தா தப்பித்துவிட்டாள்.

"அதை நான் நாட்டுக்குச் சொன்னேன்யா! என் வீட்டுக்கா சொன்னேன்?"

நான் போனைப் பிடுங்கினேன். "நானுந்தான் எதுவும் எழுதல. என்னை ஏன் வேக வைக்கறீங்க?"

"உங்கள் பெயரில் ஒரு கருத்தும் இல்லை, அம்மா. அதனால் கணவரின் கருத்தே உங்களுடையதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் உலகத்துக்கு யோசனை சொன்ன காலையெல்லாம் காபி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு எழுதக் கை எங்கே ஒழிந்தது?

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜெசிந்தா வீட்டுக்குப் படியேறினேன். வியர்வையைத் துடைத்தபடி அவரும் பின்னால் வந்தார்.

"நீங்க எங்க வர்றீங்க?" என்றேன். "கீழயே இருங்க. அரை நாள்தானே, செத்துட மாட்டீங்க."