மெதுவா, டாக்டரம்மா!

மயங்கித் தூங்கும் நான்கு வயதுக் குழந்தையின் முதுகின் அடிப்பகுதியில் ஊசியைச் செலுத்தி, மயக்க மருந்து டாக்டரம்மா வலி தெரியாமலிருக்கும் மருந்தைத் தள்ள ஆரம்பித்தார்.

"மெதுவா, டாக்டரம்மா!" பக்கத்திலேயே நின்ற குழந்தையின் அப்பா பதறினார். "வேகமாத் தள்ளினா தலைக்குள்ள அழுத்தம் ஏறிடுமாமே?"

"ஆமா சார். அதான் மெதுவாத் தள்றேன்."

"இன்னும் கொஞ்சம் மெதுவா..."

"இதைவிட மெதுவான்னா நிறுத்தத்தான் சார் வேணும்."

முகக்கவசத்துக்குள் சிரிப்பை அடக்க நர்ஸ் படாத பாடு பட்டாள்.

ஆபரேஷன் செய்ய வந்திருந்த இளம் டாக்டர் கதவைத் தோளால் தள்ளி எட்டிப் பார்த்தார். "இன்னுமா முடியல? கையைக் கழுவிட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது?"

அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பச்சப் புள்ள உயிருய்யா! அவங்கள அவசரப்படுத்தாதே!"

டாக்டரம்மாவுக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. தலைக்குள் ஏறும் அழுத்தத்தைப் பற்றி ஆறு வருஷமாக எடுத்துச் சொல்லியும், "ஒரு ஊசிக்கு இவ்வளவு நேரமா?" என்று இதே அறையில் தினமும் அவரை விரட்டிய தலைமை சர்ஜன், இன்றைக்குத்தான் முதல் தடவையாக வெறும் அப்பாவாக வந்து நின்றிருந்தார்.