கழுத்துப் பட்டன்

“டை வேண்டாம்ணே. அவருக்குக் கழுத்த இறுக்கினா ஆகாது.”

“நாளைக்கு சர்ச்சுல எல்லாரும் பாப்பாங்க ஓவெல்லா. டை இருந்தாத்தான் மரியாதை.”

மேசையில் உயிரற்றுக் கிடந்த கணவனை ஓவெல்லா பார்த்தாள். கிளியோஃபஸின் வெள்ளைச் சட்டை தாடை வரை மூடியிருந்தது. அதன் மேல் அகலமான கறுப்பு டை.

கல்யாணத்தன்று பாதிரியார் ஆமென் சொல்வதற்குள் மேல் பட்டனைக் கழற்றிவிட்ட மனிதன். பாதிரியாரே சிரித்துவிட்டார்.

மீன் பிடிக்கப் போகும் நீலச் சட்டையில்தான் தன்னைப் புதைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தான். துவைத்து, தேய்த்துக் கொண்டுவந்திருந்தாள். அதில் கழுத்துப் பட்டன் அறுந்து பல வருடம் ஆகிறது.

“இதப் போட்டுவிடுங்க.”

ஹோசியா கை நீட்டவில்லை. அலபாமாவின் அந்த மூலையில் இறந்த கறுப்பர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் வைப்பவர் அவர் ஒருவர்தான்.

வெள்ளைக்கார டாக்டர்கள் வருடக்கணக்காகக் கார் அனுப்பிக் கிளியோஃபஸை அழைத்துப் போனார்கள். கெட்ட ரத்தம் என்றார்கள். டானிக் கொடுத்தார்கள். ஒருமுறை முதுகுத்தண்டில் நீள ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அன்றிலிருந்து குனிந்து நிமிரும்போதெல்லாம் இடுப்பில் ஒரே இடத்தில் கையை ஊன்றிக்கொள்வான்.

டவுனில் வெள்ளைக்காரர்களுக்கு அதே நோய் மருந்தில் குணமாகிக்கொண்டிருந்தது. அந்த மருந்து மட்டும் இவனுக்குக் கடைசி வரை வரவில்லை.

இறந்ததும் உடலை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தால் அடக்கச் செலவு அவர்களுடையது. சும்மா ஒரு தடவை பார்ப்பார்கள், அவ்வளவுதான் என்று நர்ஸ் சொன்னாள். ஓவெல்லா தலையாட்டினாள்.

இப்போது அவளுக்கு மற்ற சவப்பெட்டிகள் நினைவுக்கு வந்தன. அதே காரில் போய்வந்த ஆண்கள். ஆயுளில் டையே கட்டாத லூஷியஸ். ஆகஸ்ட் வெயிலில் தாடை வரை மூடிக் கிடந்த எஸ்ரா.

எல்லாருக்கும் இதே அகலக் கறுப்பு டை.

முடிச்சில் கை வைத்தாள். ஹோசியா தடுக்கவில்லை. டை அவிழ்ந்தது. அவள் இழுத்த இழுப்பில் மேல் பட்டன் அறுந்து தரையில் உருண்டது.

கழுத்துக் குழியில் தொடங்கிய தையல் கீழே போய்க்கொண்டே இருந்தது.

“பருத்தி மூட்டையக்கூட இதவிட நல்லாத் தைப்போமேண்ணே.”

ஹோசியா பட்டனை எடுக்கக் குனிந்தார்.

நிமிரும்போது அவர் கை தானாகப் பின்னால் போனது. இடுப்பில் அதே இடத்தில் ஊன்றியது.

ஓவெல்லா அந்தக் கையையே பார்த்தாள்.

அவர் பட்டனை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

“இதெல்லாம் பாக்கறதுக்கு முன்னாடியே, செத்ததும் உடம்பக் குடுக்க நானும் சம்மதிச்சுட்டேன். எனக்குன்னு யாரும் இல்ல ஓவெல்லா. நான் போனதும் அந்தக் கார் வரும். நீ வாசல்ல குறுக்க நிப்பியா?”