எஞ்சினின் விக்கல்

கணவனும் மனைவியும் தங்கள் கொட்டகையில் கட்டிய குட்டி விமானத்தின் ரோட்டரி எஞ்சின் விக்கிக்கொண்டே இருந்தது. ஸ்பார்க் பிளக், காயில், ஒயர் எல்லாம் மாற்றியாயிற்று. விமானத்தைத் தூணில் கட்டிவிட்டு, அவன் உள்ளே உட்கார்ந்து மறுபடியும் முடுக்கினான். எஞ்சின் விக்கும்போதெல்லாம் புரொபெல்லர் எதிலோ மோதி அதிர்வதை, ஓரமாக நின்றிருந்த மனைவி கவனித்தாள்.

"என்னங்க, கோளாறு எஞ்சின்ல இல்ல. முன்னாடி எதையோ அடிக்குது!"

எஞ்சினை அணைத்தான். புரொபெல்லரிலிருந்து ரத்தம் சொட்டியது. நுனியில் தோலோடு கொஞ்சம் முடி. எதிரே வெறும் தரைதான் இருந்தது.

இறங்கித் துடைத்துவிட்டு, ஏறி மீண்டும் முடுக்கினான். எஞ்சின் ஒரு விக்கல்கூட இல்லாமல் ஓடியது. புரொபெல்லருக்கு எதிரே, ஆளில்லாத அந்த இடத்திலிருந்து, "ஐயோ, நிறுத்துங்க!" என்று யாரோ அலறினார்கள்.

மனைவி ஓடிவந்து எஞ்சினை அணைக்க சுவிட்சை நோக்கிக் கை நீட்டினாள். அவன் அவள் மணிக்கட்டை முறுக்கிப் பிடித்தான்.

"கைய எடு. இப்பத்தான் ஒழுங்கா ஓடுது."