டம்ளர் சோதனை

போன மாதம் யாழினியைப் பெண் பார்க்க வந்தவர்கள் கொதிக்கக் கொதிக்கக் காபி டம்ளரை அவளிடம் நீட்டினார்கள். அவள் அதை நிதானமாக வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதோடு அந்தச் சம்பந்தம் போயிற்று.

மூட்டுவாதத்துக்கு அவள் போட்டுக்கொள்ளும் ஊசியால் விரல்களில் வலி தெரியாது. இரத்தச் சோதனையிலும் வீக்கம் காட்டாது. உள்ளே மூட்டு அரிபடுவது மட்டும் நிற்காது. ஊசி போட்டவர்களின் கைக்குச் சூடும் உறைக்காது என்பதை மாப்பிள்ளை வீட்டார் கண்டுபிடித்துவிட்டார்கள். ஊசி இல்லாவிட்டாலோ, யாழினியால் தலைகூடப் பின்ன முடியாது.

அதனால் அவள் அம்மா ரேணுகா ஒரு வாரமாகப் பழக்கினாள். "டம்ளரத் தொட்டதும் 'ஸ்ஸ்'னு கைய உதறணும். நெஜமாவே சுட்ட மாதிரி இருக்கணும்டி."

இன்று வந்த மாப்பிள்ளையின் அம்மா, தான் கொண்டுவந்த பிளாஸ்கிலிருந்து காபியை ஊற்றி நீட்டினாள். "புடிச்சுக்கம்மா."

யாழினி தன் கால் விரல்களைப் பார்த்தபடியே கை நீட்டினாள்.

"ஸ்ஸ்... சுடுது அத்தை!"

உதறிய கையிலிருந்து டம்ளர் உருண்டது. ரேணுகாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா பிளாஸ்கை மூடிக்கொண்டு எழுந்தாள். தரையில் சிந்திய காபியில் ஐஸ் கட்டிகள் கிடந்தன. யாழினி இன்னும் விரல்களை ஊதிக்கொண்டிருந்தாள்.