குறுக்கே யார் வந்தாலும்

ஓட்டப்பந்தயத்தின் கடைசி வளைவு முடியும் இடத்தில், புல்லில் குப்புறப் படுத்திருந்தேன்.

யாரைத் தெளிவாகப் பிடிப்பது என்று காட்டும் கேமராவின் பச்சைக் கட்டம், என் தம்பியின் முகத்தில் உட்கார்ந்திருந்தது. அவன் ஓட ஓட அதுவும் கூடவே ஓடியது.

அவனுக்கு ஓரடி முன்னால் சாம்பியன். ஊரே அவனை அப்படித்தான் கூப்பிடுகிறது.

போன வருடம் இதே வளைவில், அந்தச் சாம்பியனுக்குப் பின்னால் என் கணவர் ஓடிக்கொண்டிருந்தார். சாம்பியன் குறுக்கே வெட்டி, முழங்கையால் ஒரு இடி இடித்தான். அவர் விழுந்தார். முட்டி போனது. இன்றைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மாடிப்படி இறங்குகிறார்.

அன்றைக்குப் போட்டோ எடுத்ததும் நான்தான்.

குறுக்கே ஆள் வந்ததும் கேமரா அவரை விட்டுவிட்டுச் சாம்பியன்மேல் தாவிவிட்டது. விருந்தாளியைக் கண்டதும் பெற்ற பிள்ளையை மறக்கிற மாதிரி. படத்தில் அவன் பல்வரிசை பளிச்சென்று இருந்தது. பின்னால் என் கணவர் வெறும் கலங்கல்.

நடுவர்கள் அந்தப் படத்தைத்தான் பார்த்தார்கள். உங்கள் படத்திலேயே ஒன்றும் தெரியவில்லையே அம்மா என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார்கள். சாம்பியன் அதே படத்தை என்னிடமே கேட்டு வாங்கி, பெரிதாக்கித் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறான்.



அன்றிலிருந்து கேமராவைக் குடைந்தேன். குறுக்கே ஆள் வந்தால் உடனே தாவு, அல்லது தாவாமல் பொறுத்திரு என்று அதற்குச் சொல்லிவைக்க ஓர் அளவு இருந்தது. போன வருடம் அது தாவுகிற பக்கம் இருந்திருக்கிறது. மறுபக்கம் எவ்வளவு போகுமோ அவ்வளவு தள்ளினேன். தெருமுனையில் நின்று பழகினேன். எதிர்ச்சாரியில் நடப்பவரைக் கட்டத்தில் பிடிப்பேன். நடுவே பஸ் போகும். பஸ் போன பிறகும் கட்டம் அவர்மேலேயே இருக்கும்வரை நான் விடவில்லை.

இப்போது வளைவில் சாம்பியன் உள்பக்கம் கொஞ்சம் இடம் விட்டான். அது அவன் வழக்கம்.

தம்பி நுழைந்தான்.

பட்டனை அழுத்திய விரலை எடுக்கவில்லை. சாம்பியனின் தோள் குறுக்கே வந்தது. தம்பியின் முகம் மறைந்தது. கட்டம் அசையவில்லை.

தம்பி உருண்டு, புல்லில் எனக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்தான்.

நான் எழுந்திருக்கவில்லை. எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒன்றைப் பெரிதாக்கினேன். சாம்பியனின் முழங்கை தம்பியின் விலாவில் பதிந்திருந்தது. பனியன் மடிப்புகூடத் தெளிவு. இனி எந்த நடுவரும் என்னை அன்பாகத் திருப்பி அனுப்ப முடியாது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"வளைவுல இந்தத் தடவை நடுவர் நிப்பார், அவன் கை வைக்க மாட்டான், பயப்படாம உள்ள நுழைன்னு சொன்னியேக்கா?" தம்பி முட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

வளைவில் நடுவர் யாரும் இல்லை. காலையிலேயே எனக்குத் தெரியும்.

அடுத்த படத்துக்குப் போனேன். விழும்போது அவன் கண்கள் சாம்பியனைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அதுவும் தெளிவாகவே இருந்தது.